பழைய மானிட்டரை உடைக்காமல் ஒப்படையுங்கள்

பழைய பெட்டி மானிட்டரைக் காயலாங்கடையில் போட்டால் கைக்கு வரும் தொகை எதற்கான விலை என்று பலர் யோசிப்பதில்லை. அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் செம்புக்கான விலை. படம் காட்டும் பெரிய கண்ணாடிக் குழலான பிக்சர் டியூபின் கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் என்ற செம்புக்கம்பிச் சுருள், திரையின் ஓரமாக ஓடும் டீகாஸ் காயில் என்ற இன்னொரு கம்பிச் சுருள், போர்டில் இருக்கும் அலுமினியத் துண்டுகள் ஆகியவற்றைத்தான் கடைக்காரர் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார். கண்ணாடிக்கு அவர் ஒன்றும் தருவதில்லை. அதை வாங்க ஆளில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் எடையில் பெரும்பகுதி கண்ணாடிதான். நஞ்சும் அதில்தான் இருக்கிறது.

கோவையில் கணினி பழுதுபார்ப்பவன் நான். பள்ளிகள், டிடிபி கடைகள், தணிக்கையாளர் அலுவலகங்கள் என்று எங்கே போனாலும் பரண்மீதோ படிக்கட்டுக்கு அடியிலோ இந்தப் பெட்டிகள் இன்னமும் கிடக்கின்றன. பிரவுசிங் சென்டர்கள் மூடப்பட்டபோது மிஞ்சியவை பல. 2006-இல் தொடங்கி தமிழக அரசு இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகளும் இதே டியூப் வகைதான். ஆகவே இது கணினி வைத்திருந்தவர்களுக்கு மட்டுமான செய்தி அல்ல.

டியூபுக்குள் எலக்ட்ரான்களைத் திரையை நோக்கி விரட்ட ஏறக்குறைய 25,000 வோல்ட் வேண்டும். அந்த வேகத்தில் அவை மோதும்போது எக்ஸ் கதிர்கள் பிறக்கும். அவை வெளியே வந்து நம் முகத்தில் படாமல் தடுக்கத்தான் கண்ணாடியில் ஈயம் கலந்தார்கள். பின்பக்கம் புனல்போல் குறுகும் பகுதியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஈய ஆக்சைடு. முன்கண்ணாடியையும் புனலையும் ஒட்டும் பசைக் கண்ணாடியில் அதைவிடப் பலமடங்கு ஈயம் இருக்கிறது. ஒரு வண்ண மானிட்டரில் ஒன்றிரண்டு கிலோ ஈயம் இருப்பது சாதாரணம். திரையின் உட்புறம் பூசிய, எலக்ட்ரான் பட்டால் ஒளிரும் பாஸ்பர் தூளில் துத்தநாகச் சேர்மங்களும், மிகப் பழைய டியூப்களில் காட்மியமும் உண்டு.

மானிட்டர் முழுதாக இருக்கும்வரை இதனால் யாருக்கும் கேடில்லை. ஈயம் கண்ணாடிக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. பத்தாண்டு பரணில் கிடந்தாலும் அது வீட்டுக்காரர்களை எதுவும் செய்யாது. செம்புக்காக ஒருவர் சுத்தியலால் டியூபின் கழுத்தைத் தட்டும் அந்த நொடியில்தான் கேடு தொடங்குகிறது. உள்ளே வெற்றிடம் என்பதால் டியூப் வெடித்துச் சில்லுகள் சிதறலாம். அணைத்துவைத்த டியூபிலும் மின்னேற்றம் தங்கியிருந்து தூக்கியடிக்கலாம். பாஸ்பர் தூள் மூச்சோடு உள்ளே போகும். யோக்கை எடுத்த பிறகு மிச்சக் கண்ணாடி குளத்தங்கரையிலோ காலி மனையிலோ கொட்டப்படும். உடைத்த டியூப் கண்ணாடியைக் குப்பைமேட்டுச் சூழலைப் போன்ற அமிலக் கரைசலில் இட்டு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, கரைந்து வந்த ஈயம் அபாயக் கழிவுக்கான அமெரிக்க வரம்பான லிட்டருக்கு 5 மில்லிகிராமைச் சராசரியாக மூன்று மடங்குக்கு மேல் தாண்டியது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவுவரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவே அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடைப்பவர் அன்றாடக் கூலிக்காரர். அவர் வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் விளையாடுகிறார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பெட்டியை அவர் கைக்கு அனுப்பியவர்கள் நாம்.

தட்டையான திரை என்றால் கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். 2010-க்கு முன் வாங்கிய எல்சிடி மானிட்டர்களில் பின்னொளி தருபவை பெரும்பாலும் மெல்லிய குழல் விளக்குகள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கும். பிரித்துப் பார்க்கும் ஆர்வத்தில் அவை எளிதில் உடைந்துவிடும். உடைந்தால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஈரக் காகிதத்தால் ஒற்றியெடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். விளக்குமாறோ வாக்குவம் கிளீனரோ கூடாது. அவை பாதரசத்தை அறை முழுவதும் பரப்பிவிடும். எல்இடி பின்னொளி கொண்ட புதியவற்றில் பாதரசம் இல்லை.

தட்டைத் திரை விஷயத்தில் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. தூக்கியெறிய வருபவற்றில் நிறையவை உண்மையில் சாகவே இல்லை. ஆன் செய்ததும் ஒளி வந்து உடனே மறைகிறதா? இருட்டில் டார்ச்சைச் சாய்வாகத் திரைமேல் அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பேனல், அதாவது படம் காட்டும் திரைப்பலகை, நன்றாக இருக்கிறது, பின்னொளிப் பகுதியில்தான் கோளாறு. விளக்கே எரியாமல் கிடப்பவற்றில் பவர் போர்டைத் திறந்தால் பல நேரம் தலை உப்பிய கெபாசிட்டர்கள் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் சிறு பாகங்கள்) இருக்கும். சில பத்து ரூபாய்ப் பொருள், அதோடு கூலி. மானிட்டர் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். திறப்பதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள், பவர் போர்டு ஷாக் அடிக்கும். வேலை செய்யும் பழைய மானிட்டர் கடைகளில் சிசிடிவி பார்க்கவும், பிள்ளைகள் தட்டச்சுப் பழகவும் தாராளமாகப் போதும்.

பழுதுபார்க்க முடியாததை யாரிடம் கொடுப்பது? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022-இன்படி மறுசுழற்சி செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வீடு தேடி வந்து எடுத்துச் செல்பவர் அழகான விசிட்டிங் கார்டு நீட்டினால் மயங்காதீர்கள். "இது கடைசியில் எந்த ஆலைக்குப் போகிறது, அதன் பதிவு எண் என்ன" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் கொடுக்க வேண்டாம். முறையான ஆலையில் சூடேற்றிய கம்பியாலோ வைர வாளாலோ முன்கண்ணாடியையும் புனலையும் தனியாக அறுத்து, பாஸ்பரை உறிஞ்சியெடுத்து, ஈயக் கண்ணாடியைத் தனியாகச் சேர்க்கிறார்கள். பெரிய பிராண்டுகள் பழைய பொருளைத் திரும்பப் பெறும் விவரத்தைத் தங்கள் தளங்களில் தருகின்றன, அதையும் பாருங்கள். ஒப்படைக்கும்வரை மழை படாத இடத்தில், திரை சுவரைப் பார்க்கும்படி, மேலே எதுவும் அடுக்காமல் வையுங்கள். கேபிளைக்கூட வெட்ட வேண்டாம்.

கல்லூரிகளையும் அலுவலகங்களையும் நடத்துபவர்களுக்குத் தனியாக ஒன்று. கழித்துக்கட்டிய பொருள்களை மொத்தமாக ஏலம் விடும்போது அதிக விலை கேட்பவருக்குக் கொடுப்பதே வழக்கம். டியூப் மானிட்டரில் அதிக விலை கேட்கக் கூடியவர், கண்ணாடியை முறையாக அகற்றும் செலவை ஏற்காதவர்தான். சரியாகச் செய்பவர் குறைவாகத்தான் கேட்பார். சில நேரம் நம்மிடமே பணம் கேட்பார். எனவே பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் மட்டுமே ஏலத்தில் பங்கேற்கலாம் என்ற நிபந்தனையை அறிவிப்பிலேயே எழுதுங்கள். ஓராண்டில் 1,000 மின்னணுச் சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனங்களைப் பெருநுகர்வோர் என்று விதி வகைப்படுத்துகிறது; அவை பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கழிவை ஒப்படைக்க வேண்டும் என்பது கட்டாயம். உங்கள் நிறுவனம் அதைவிடச் சிறியது என்றாலும் இந்த நிபந்தனையைப் போட யாரும் தடுக்க முடியாது. ஏலத்தொகை ஏன் குறைந்தது என்று தணிக்கையில் கேள்வி வந்தால் காட்டுவதற்கு, ஒப்படைத்த எண்ணிக்கை, எடை, பெற்றவரின் பதிவு எண் மூன்றும் உள்ள ரசீதைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.