பெட்டிக்குள் இருக்கும் திறப்பு

வெள்ளவத்தையில் இருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பெறாமகளின் கல்யாணத்துக்காகக் குடும்பத்தோடு பாரிஸ் போகிறார். லா சப்பலுக்கு அருகே ஒரு தொடர்மாடி வீட்டைப் பத்து நாட்களுக்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஆறு பேருக்கு ஒரே ஒரு திறப்பு. அதையும் உரிமையாளர் கையில் தரப்போவதில்லை. வாசலில் மாட்டியிருக்கும் சிறு பெட்டியில் நான்கு இலக்கங்களை அழுத்தி எடுத்துக்கொள்ள வேண்டும். "நகைகளும் கொண்டு போகிறோம். இந்தப் பூட்டை நம்பலாமா?" என்று கேட்கிறார்.

இங்கே இருப்பவை இரண்டு பூட்டுகள். ஒன்று கதவில், மற்றது பெட்டியில். கதவில் இருந்து தொடங்குவோம்.

இந்தக் கேள்வி வந்த பிறகு, புறக்கோட்டையில் திறப்பு வெட்டும் ஒருவரிடம் பழைய பூட்டு உருளை ஒன்றை வாங்கி வந்தேன். மேசையில் வெள்ளைத் துணியை விரித்துப் பிரித்துப் பார்த்தேன். வெளியே ஒரு பித்தளை உறை. அதற்குள் சுழலும் உருளை. இரண்டையும் ஊடுருவிச் செல்லும் ஐந்து துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஊசிகள், அவற்றை அழுத்திக்கொண்டு தலைமயிர் போன்ற கம்பியில் சுற்றிய ஒரு சுருள்வில். கீழ் ஊசிகள் ஐந்தும் ஐந்து நீளம். துணியில் வரிசையாக வைத்தபோது, திறப்பின் பற்கள் எங்கே உயர்ந்தனவோ அங்கே ஊசி குட்டையாகவும், எங்கே தாழ்ந்தனவோ அங்கே நெட்டையாகவும் இருந்தது.

திறப்பு இல்லாதபோது மேல் ஊசிகள் உறையிலும் உருளையிலும் பாதிப் பாதியாக நின்று உருளையைத் திரும்பவிடாமல் மறிக்கின்றன. சரியான திறப்பு உள்ளே போனதும், இரு ஊசிகளும் சந்திக்கும் இடம் ஐந்து துளைகளிலும் உருளையின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. குறுக்கே எதுவும் இல்லை, உருளை சுழல்கிறது. லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1840களில் இந்த முறைப் பூட்டை உருவாக்கினார். அவருடைய அதே பெயர் கொண்ட மகன் 1860களில் அதை இன்றைய தட்டையான திறப்புக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தினார். பண்டைய எகிப்தின் மரப் பூட்டுகளிலும் இதே எண்ணம்தான்.

ஒவ்வோர் ஊசிக்கும் பத்து உயரங்கள் என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஊசிகளுக்கு 10 × 10 × 10 × 10 × 10, அதாவது 1,00,000 விதமான திறப்புகள். ஒரு திருடன் அத்தனையையும் முயன்று பார்க்க முடியாது. அப்படியென்றால் திறப்பே இல்லாமல் இந்தப் பூட்டைச் சிலர் எப்படித் திறக்கிறார்கள்?

விடை துளைகளில் இருக்கிறது. எவ்வளவு நல்ல இயந்திரமும் ஐந்து துளைகளையும் துல்லியமான நேர்கோட்டில் போட முடியாது. ஒன்று மயிரிழை இடப்பக்கம், இன்னொன்று மயிரிழை வலப்பக்கம் விலகியே இருக்கும். உருளையை மெதுவாகத் திருப்ப முயன்றால் ஐந்து ஊசிகளும் சமமாக அந்த விசையைத் தாங்குவதில்லை. கோயில் திருவிழாவில் சுவாமி தூக்குபவர்களைக் கவனித்திருப்பீர்கள். கொம்பின் கீழே ஐந்து பேர் நின்றாலும், உயரமானவரின் தோளில்தான் முதலில் பாரம் இறங்கும். அவர் முழங்காலைச் சற்று மடித்தால் அடுத்த உயரமானவரின் தோளுக்குப் பாரம் மாறும். பூட்டிலும் அப்படியே. ஓர் ஊசி மட்டும் இறுகுகிறது, மற்ற நான்கும் தளர்வாக ஆடுகின்றன. இறுகிய ஊசியைத் தேவையான உயரத்துக்குத் தள்ளியதும், உருளை கண்ணுக்குத் தெரியாத அளவு நகர்ந்து அதை அங்கேயே பிடித்துக்கொள்கிறது. பாரம் அடுத்த ஊசிக்குப் போகிறது. ஒவ்வொன்றாக ஐந்தும் முடிந்தால் பூட்டு திறந்துவிடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஐந்தையும் ஒரே நேரத்தில் ஊகிக்க வேண்டுமென்றால் 1,00,000 வாய்ப்புகள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்றால் 10 + 10 + 10 + 10 + 10, வெறும் 50. துளை விலகிய அந்த மயிரிழை, ஒரு பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிடுகிறது! எத்தனையோ தடவை யோசித்தும் இந்த இடத்தில் எனக்கு வியப்பு குறைவதில்லை.

லண்டனில் ஜோசப் பிராமாவின் நிறுவனம் தன் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கடைச் சாளரத்தில் பல பத்தாண்டுகள் எழுதி வைத்திருந்தது. 1851இல் ஹொப்ஸ் என்ற அமெரிக்கர், 16 நாட்களில் மொத்தம் 51 மணிநேரம் உழைத்து அதைத் திறந்தார். அது வேறு வகைப் பூட்டு என்றாலும், இறுகும் உறுப்பைத் தேடும் தந்திரம் ஒன்றுதான். பூட்டு என்பது திறக்க முடியாத பொருள் அன்று, நேரத்தைக் கேட்கும் பொருள். பிரான்சில் பூட்டுகளுக்கு வழங்கும் ஏ2பி என்ற தரச்சான்று இதை வெளிப்படையாகவே அளக்கிறது. ஒரு நட்சத்திரம் என்றால் உடைக்கும் முயற்சியை 5 நிமிடம் தாங்கும், இரண்டுக்கு 10, மூன்றுக்கு 15.

ஆனால் வாசகி கவலைப்பட வேண்டியது ஊசிகளைப் பற்றி அன்று. பிரான்சின் பல வீட்டுக் கதவுகளை இழுத்துச் சாத்தினாலே வெளியில் இருந்து திறக்க முடியாது. அதனால் பூட்டிவிட்டதாக நினைக்கிறோம். சாத்திய கதவைப் பிடித்திருப்பது சரிவான சிறு நாக்கு ஒன்றுதான். அது சுருள்வில்லில் இயங்குவது, தள்ளினால் உள்ளே போய்விடும். திறப்பைக் கடைசி வரை சுற்றினால்தான் கனமான தாழ்கள் நிலைக்குள் இறங்கும். வெளியே போகும்போதும் இரவில் படுக்கும்போதும் முழுவதுமாகச் சுற்றுங்கள்.

இனிப் பெட்டி. நான்கு சக்கரங்களைச் சுழற்றும் பெட்டி என்றால் 10,000 எண்கள் உண்டு. பத்துப் பொத்தான்களை அழுத்தும் பெட்டி என்றால் கணக்கு அடியோடு மாறுகிறது. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் பொத்தான்களின் வரிசைக்கு மதிப்பு இல்லை. 2580 என்று அழுத்தினாலும் 0852 என்று அழுத்தினாலும் திறக்கும். ஒரு பொத்தானை இருமுறை அழுத்துவதற்கும் பொருள் இல்லை. உயர்தரக் கணிதத்தில் வரிசைமாற்றத்துக்கும் சேர்மானத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் படித்தோமே, அதுதான் இது. பத்தில் இருந்து நான்கைத் தெரிவு செய்யும் வழிகள் 210 மட்டுமே. ஒரு முயற்சிக்கு ஐந்து விநாடி என்றால் பதினெட்டு நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும். சக்கரப் பெட்டிக்கு இதே வேகத்தில் ஏறத்தாழ 14 மணிநேரம் வேண்டும்.

ஆறு பேருக்கு ஒரு திறப்பு என்பதால், வெளியே போகும்போது அதை மறுபடியும் பெட்டியிலேயே போட்டுவிட்டுப் போகத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. மூன்று நட்சத்திரக் கதவைப் பதினெட்டு நிமிடப் பெட்டியிடம் ஒப்படைப்பதாகிவிடும். முன்பு தங்கியவர்களுக்கும் அதே எண்தானா, கடைசியாக எப்போது மாற்றினார் என்று உரிமையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திறப்பைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போடாதீர்கள். 2008இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டியாகோ வளாகத்து ஆய்வாளர்கள், மேசையில் கிடந்த திறப்பை 195 அடி தூரத்தில் இருந்து படம் பிடித்து, கணினியில் அதன் பற்களின் உயரத்தைக் கணித்து, அதே திறப்பை வெட்டிக் காட்டினார்கள். இத்தகைய ஆய்வு திருடனுக்குப் பாடம் எடுப்பது என்று சிலர் எதிர்க்கிறார்கள். ஹொப்ஸின் காலத்திலும் இதே குரல் எழுந்தது. எனக்கு இதில் ஐயமே இல்லை. பூட்டின் குறையை வாங்குபவனிடம் மறைத்தால் ஆதாயம் திருடனுக்குத்தான். நம் பல்கலைக்கழகங்களிலும் இப்படியான ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

நாம் புதுவீடு புகும்போது நல்ல நேரம் பார்க்கிறோம், வாசலில் தேசிக்காய் கட்டுகிறோம். முன்பு இருந்தவரிடம் எத்தனை திறப்புகள் இருந்தன என்று கேட்பதில்லை. தேசிக்காய்க்குச் செலவிடும் அக்கறையில் பாதியைப் பூட்டு உருளைக்குக் கொடுத்தால் போதும் என்பது என் எண்ணம்.

இதை எழுதிக்கொண்டிருந்த வாரம், கடற்கரைப் பக்கமாக இறங்கும் எங்கள் ஒழுங்கையில், வெளிநாட்டு உறவினர்களுக்கு வாடகைக்கு விடும் ஒரு தொடர்மாடியின் இரும்புக் கதவில் அதே பொத்தான் பெட்டியைக் கண்டேன். உப்புக் காற்றில் ஆறு பொத்தான்கள் மங்கிச் சாம்பல் பூத்திருந்தன. 1, 4, 7, 9 மட்டும் விரல் பட்டுப் பட்டு மினுங்கின. வரிசை வேண்டாத பெட்டிக்கு அந்த நான்கு மினுக்கமே போதும். 210 முயற்சிகூடத் தேவையில்லை. மேலே ஏறிப் போய் உரிமையாளரிடம் சொன்னேன். அவர் கீழே வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பொத்தான்களை நீண்ட நேரம் பார்த்தார். அடுத்த நாள் அங்கே சக்கரப் பெட்டி தொங்கியது.