கன்சோல் கட்டும் முன் கியர் ராடைப் பாருங்கள்

பழைய மாருதி ஜிப்ஸி ஜீப்பை வாங்கித் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் பத்து இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வருகிறார்கள். முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவில் வரும் பெட்டியான நடுக் கன்சோலுக்கு மட்டும், "கப் ஹோல்டர், ரெண்டு சார்ஜர், நாலு சுவிட்ச் வச்சு ஒரு பெட்டி அடிச்சுக் கொடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் கியர், ஹேண்ட் பிரேக், வயரிங், புதிய கார்களில் ஏர்பேக் கம்ப்யூட்டர் என எல்லாமே அந்த இடத்தில்தான் இருக்கின்றன. அழகு பார்க்கும் முன் இதைப் பாருங்கள்.

வேறிடத்தில் கன்சோல் கட்டிய ஒரு ஜிப்ஸி எங்களிடம் வந்தது. மேடு ஏறும்போது நாலாவது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்றார் ஓனர். கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். கன்சோலைக் கழற்றிவிட்டு ஓட்டினோம், கியர் அசையாமல் நின்றது. கழற்றிய ப்ளைவுட்டைத் திருப்பிப் பார்த்தால், கியர் ராடு வெளியே வரும் ஓட்டையின் பின் ஓரத்தில் ராடு உரசி உரசி வழவழவென்று ஒரு பள்ளம். ஜிப்ஸியில் ராடு நேராகக் கியர்பாக்ஸ் மேலேயே நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் லேசாகச் சாயும், ராடும் கூடவே அசையும். கன்சோலோ பாடியோடு இறுகி நிற்கிறது. நாலாவதுக்கு ராடு முழுதாகப் பின்னால் வர இடமில்லாததால் கியர் அரைகுறையாகத்தான் விழுந்திருக்கிறது.

அதனால் முதலில் அட்டையில் ஒரு டம்மி செய்யுங்கள். வண்டியை ஓட்டுகிற ஆளே, தன் வழக்கமான சீட் நிலையில், பெல்ட் போட்டு உட்கார வேண்டும். ரிவர்ஸ் உட்பட எல்லாக் கியரும் போட்டுப் பாருங்கள். ஃபோர் வீல் லிவரையும் ஃபோர் எல் (4L, நாலு சக்கர மெதுவான நிலை) வரை தள்ளுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கடைசிப் பல் வரை இழுங்கள். பெல்ட் பக்கிள் கைக்கு எட்டுகிறதா, இடது முழங்கால் கிளட்ச் மிதிக்கும்போது இடிக்கிறதா என்பதெல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும்.

ஏர்பேக் உள்ள காரானால் இன்னும் கவனம். 2019 ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக் இங்கே கட்டாயம். அதன் கம்ப்யூட்டர் பல கார்களில் கன்சோலுக்கு அடியில், தரை மேட்டில் போல்ட் போட்டு இருக்கும். மேலே உள்ள அம்புக்குறி வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். மோதலின் அதிர்வை அளக்கும் கருவி அது. "இடம் பத்தல, கொஞ்சம் தள்ளி வைங்க" என்று கேட்கிறார்கள், தள்ளவே கூடாது. ஏர்பேக் வயரிங்கின் மஞ்சள் கனெக்டர்களைத் தொடும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருங்கள். அந்த ஏர்பேக் கம்ப்யூட்டருக்கு நேர் மேலே கப் ஹோல்டர் வேண்டாம். சிந்துகிற ஜூஸ் நேராக அதற்குள் இறங்கும்.

கன்சோலைக் கண்ணாடி இழை பைபரில் நீங்களே வார்க்கப் போகிறீர்களா? கடையில் ரெசின் (பிசின்), அது சீக்கிரம் இறுக உதவும் கோபால்ட் திரவம், அதை இறுக வைக்கும் ஹார்டனர் என்று மூன்றாகத் தருவார்கள். கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்க்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகுதான் ஹார்டனர். அதுவும் பொதுவாக நூறு கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம் போதும். நம் ஊர் வெயிலில் கூட்டிப் போட்டால் டப்பாவிலேயே புகைந்து இறுகிவிடும். ஹார்டனர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். துணி மாஸ்க் அந்த நெடியைத் தடுக்காது. கெமிக்கல் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வாங்குங்கள். காருக்குள் உட்கார்ந்து இந்த வேலை செய்ய வேண்டாம். தர்மாகோலில் அச்சு செய்தால் மேலே டேப் சுற்றுங்கள், இல்லையென்றால் ரெசின் அதைக் கரைத்துவிடும்.

ஸ்க்ரூ விஷயம் சின்னதுதான். ஏற்கெனவே உள்ள போல்ட் ஓட்டைகளைப் பயன்படுத்துங்கள். புதிதாகத் துளை போட்டே ஆக வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் தரைக்கு அடியில்தான் ஓடுகின்றன.

வயரிங்கில் நான் விட்டுக்கொடுக்காதது ஒன்று: பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு ஜாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கன்சோலுக்குள் பியூஸ் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் வயருக்குப் பாதுகாப்பே இல்லை. காற்று அடிக்கும் பம்ப் 120 வாட் என்றால் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். மொபைல் சார்ஜருக்குப் போட்ட மெல்லிய வயரில் அதைச் செருகினால் வயர் உருகும். வயர் தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (ஓட்டை ஓரம் வயரை அறுக்காமல் காக்கும் ரப்பர் வளையம்) போடுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கன்சோல் மட்டும் கட்டினால் அந்த விவரம் எதுவும் மாறாது. ஆனால் கன்சோலை நீட்டுவதற்காகப் பின் சீட்டைக் கழற்றினால் இருக்கை எண்ணிக்கை மாறிவிடும், அது ஆர்.சி.யில் இருக்கிறது. கூடுதலாகப் போட்ட எலக்ட்ரிக்கல் சாமான்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.