கேம் கண்காட்சி செய்து தரச் சொல்கிறார்களா? ஒத்துக்கொள்ள முன் இதைக் கேளுங்கள்

அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இப்போது பாடசாலைக் கண்காட்சியோ இளைஞர் கழக விழாவோ வந்தால், "ஒரு கேம் ரூம் போடுவோமே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். அந்த கேம் ரூமைப் பொறுப்பெடுத்துச் செய்து கொடுப்பதுதான் என் தொழில். எங்கும் மாதச் சம்பளத்துக்கு இல்லை, நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி பேசிக்கொண்டு செய்கிறேன். எந்த கேமை வைப்பது என்று தேர்ந்தெடுப்பது, செய்தவர்களிடம் அனுமதி கேட்பது, மண்டபத்தில் கரன்ட் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது, ராத்திரி எல்லாவற்றையும் கழற்றி வேனில் ஏற்றுவது வரை எல்லாம் இதில் அடக்கம். இந்த வேலைக்கு வர ஆசைப்படுகிற தம்பி தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது "அக்கா, என்ன மெஷின் வாங்கலாம்?" என்றுதான்.

மெஷினைப் பிறகு பார்க்கலாம், வாடகைக்குக்கூட எடுக்கலாம். அனுமதி யார் எடுப்பது, கரன்டுக்கு யார் பொறுப்பு, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, காசு எப்போது வரும், இந்த நாலையும் "சரி" சொல்ல முன்னமே எழுத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கத்தில் பத்துப் பேர் இருப்பார்கள், பாடசாலையில் அதிபர் முதல் எல்லோரும் இருப்பார்கள், நீங்கள் மட்டும் தனி ஆள். எழுதாமல் விட்டது எதுவோ அது உங்கள் தலையில்தான் வந்து விழும்.

இது டிவி அடுக்கி வைக்கிற வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். லண்டன் பார்பிகன் மையம் வீடியோ கேம்களுக்கென்று பெரிய கண்காட்சி வைத்தது 2002இல். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 2012இல் பக்மேன், டெட்ரிஸ் உட்பட 14 கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்து, அடுத்த வருடமே காட்சிக்கு வைத்தது. அங்கே அவர்கள் செய்த ஒரு காரியத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். சின்ன கேம்களை வருகிறவர்கள் கையில் கொடுத்தார்கள். ஈவ் ஒன்லைன் மாதிரி மாதக்கணக்கில் ஆடினால்தான் பிடிபடுகிற கேமை வீடியோவாகக் காட்டினார்கள். எதை ஆடக் கொடுப்பது, எதைக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவெடுப்பதுதான் தேர்வாளரின் வேலை. அதற்குத்தான் கட்டணம்.

இங்கே அந்த முடிவு இன்னும் கஷ்டம். நின்றபடியே ஐந்து நிமிடம் ஆடிவிட்டு நகர வேண்டும், பின்னால் வரிசை நிற்கிறது. தமிழ், சிங்களம், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே வரிசையில் வருவார்கள், திரையில் இருக்கும் ஆங்கிலம் பாதிப்பேருக்கு ஓடாது. அதனால் சொல்லே தேவைப்படாத கேமைத்தான் நான் முதலில் தேடுவேன். 1984இல் மொஸ்கோவில் பிறந்த டெட்ரிஸுக்கு எந்த மொழியும் வேண்டாம், அறுபது வயது அப்பாயிகூட ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். ஏற்பாட்டாளர்கள் ஃப்ரீ ஃபயர், பப்ஜிதான் வேண்டும் என்று நிற்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுட்டுத்தள்ளுவதைத்தான் பிள்ளைகள் ஏற்கனவே போனில் பார்க்கிறார்களே, அதற்கு ஒரு மண்டபமும் ஒரு நாளும் எதற்கு? ஒரு மட்ச் முடியவே நேரமாகும், இன்டர்நெட் ஒழுங்காக வேண்டும், வயதுக்கட்டுப்பாடு வேறு இருக்கிறது.

2023இல் வந்த "வெண்பா" என்ற கேமை யோசித்துப் பாருங்கள். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று, அம்மா சமைக்கிறார், இட்லி அவிக்கிறார். தமிழிலேயே ஆடலாம். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் அறிமுக கேமுக்கான விருதை வாங்கியது. "கேம்ல நம்ம சமையலா?" என்று தாய்மார் நின்று பார்க்க இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் முழுக்கதை ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போகும், ஆகவே ஒரு சமையல் கட்டத்தை மட்டும் திறந்து வைக்கலாமா என்று செய்தவர்களிடம் கேட்க வேண்டும்.

கேட்பது என்றதும் அனுமதிக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஆட்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். கணினி கேம் விற்கிற ஸ்டீம் தளத்தில் காசு கொடுத்து வாங்கினாலும் கேம் உங்களுடையது ஆகாது, ஆடுவதற்கான உரிமம்தான் கிடைக்கிறது, அதுவும் தனிப்பட்ட, வியாபாரம் சாராத பாவனைக்கு மட்டும் என்கிறது அவர்களின் ஒப்பந்தம். டிக்கெட் போட்டு மண்டபத்தில் ஆடக் கொடுப்பது வேறு சங்கதி. டிவியில் கொளுவி ஆடுகிற கன்சோல் மெஷின்களைச் செய்கிற கம்பெனிகளும் அப்படித்தான். நிண்டெண்டோ போட்டி நடத்துகிறவர்களுக்கென்று தனி விதிகளே வெளியிட்டிருக்கிறது. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. "இங்க யார் கேக்கப் போறா" என்பார்கள். அனுசரணையாளரின் பேனர் தொங்கும்போது, படம் பேஸ்புக்கில் போகும்போது கேட்க ஆள் வரும், வந்தால் உங்களைத்தான் கேட்பார்கள். கிராக் கொப்பி போட்டுச் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். நாமும் ஒருநாள் கேம் செய்து விற்கப் போகிறவர்கள்.

பெரிய கம்பெனிகளிடம் பதில் வாங்குவது கடினம். சிறிய குழுக்கள் அப்படியில்லை, தங்கள் கேமை இலங்கையின் மலைப்பகுதியில் பிள்ளைகள் ஆடப்போகிறார்கள் என்றால் சந்தோஷப்படுவார்கள். எங்கே, எந்தத் திகதி, இலவசமா டிக்கெட்டா, எத்தனை மெஷின், யார் அனுசரணை என்று ஒரு மின்னஞ்சலில் ஒளிக்காமல் எழுதுங்கள். கண்காட்சிக்கென்று தயாரித்த பதிப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள், யாரும் தொடாமல் ஒரு நிமிடம் போனால் தானாக ஆரம்பத்துக்குத் திரும்புகிற பதிப்பு இருந்தால் உங்கள் பாதி வேலை குறையும். பதிலை அச்செடுத்துக் கோவையில் வையுங்கள்.

அடுத்தது கரன்ட். எனக்குப் பயம் இதில்தான். தோட்டத்து மண்டபங்களிலும் பழைய பாடசாலைக் கட்டடங்களிலும் வயரிங் எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. 13 அம்பியர் ப்ளக் ஒன்று 230 வோல்டில் ஏறக்குறைய 3,000 வொட் தாங்கும். பழைய 5 அம்பியர் உருண்டைக்கால் ப்ளக் என்றால் 1,150தான். ஒரு டிவியும் கன்சோலும் சேர்ந்து 250 வொட் என்று வைத்தாலும், ஆறு ஜோடியை ஒரே எக்ஸ்டென்ஷனில் கொளுவினால் 1,500. அதே இணைப்பில் பின்பக்கம் யாராவது தேத்தண்ணிக்கு 2,000 வொட் கேத்தலைப் போட்டால் முடிந்தது கதை. அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்: கேம்களுக்குத் தனி இணைப்பு, டிரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே எலக்ட்ரீஷியன் சோதித்த உறுதி, அந்த இணைப்பில் கேத்தல், ஹீட்டர் எதுவும் கூடாது. சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரை முழுதாக விரித்துத்தான் பாவிக்க வேண்டும், சுருளுக்குள் சூடேறி உருகும். நடைபாதையில் போகிற வயருக்கு மேல் டேப் ஒட்டுங்கள்.

நுவரெலியா வசந்தகாலம் ஏப்ரலில்தான், எல்லோரும் அப்போதுதான் கூப்பிடுவார்கள். அதே மாதம்தான் பின்னேரங்களில் இடி மின்னலும். இடிச் சத்தம் கேட்டால் வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நிறுத்தி ப்ளக்கைக் கழற்றிவிட வேண்டும். இந்த முடிவு உங்களுடையது என்று முதலிலேயே எழுதியிருந்தால் மேடையில் இருப்பவர்களோடு வாதாட வேண்டியதில்லை. 1,868 மீற்றர் உயரத்துக் குளிரில் ராத்திரி முழுக்க வேனில் கிடந்த மெஷினைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்ததும் போடாதீர்கள். உள்ளே ஈரம் பூத்திருக்கும், ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

மழைக்காலத்தில் நடத்துவதாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையை ஒப்பந்தத்தில் சேருங்கள். அந்தப் பிரதேசத்துக்கு எச்சரிக்கை வந்தால் நிகழ்ச்சி தள்ளிப்போகும், அதுவரை ஆன செலவை அவர்கள் தருவார்கள் என்று ஒரு வரி போதும்.

ஒளி சிமிட்டுகிற கேம்கள் பற்றி யாரும் பேசுவதே இல்லை. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமோன் கார்ட்டூனின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாகச் சிமிட்டியதால் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இணையத்தளங்களுக்கான சர்வதேச அணுகல் வழிகாட்டி, ஒரு செக்கனில் மூன்று தடவைக்கு மேல் சிமிட்டக் கூடாது என்கிறது, கேம் தேர்வுக்கும் நான் அந்த அளவைத்தான் வைத்துக்கொள்கிறேன். வாசலில் தமிழிலும் சிங்களத்திலும் எச்சரிக்கை ஒட்டுங்கள், மண்டப விளக்கை முழுதாக அணைக்காதீர்கள். யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது நம் ஆட்களின் வழக்கம். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. வாயிலும் எதையும் வைக்கக் கூடாது. சுற்றியிருப்பதை நகர்த்தி, ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். உங்களோடு நிற்கிற ஒவ்வொரு தொண்டருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

தொண்டர்கள் என்றதும், இரண்டு மெஷினுக்கு ஒருவர் என்ற கணக்கில் ஆளை ஏற்பாட்டாளரே தர வேண்டும் என்று எழுதுங்கள். ஆள் இல்லாவிட்டால் பெரிய பையன்கள் கொன்ட்ரோலரை விடமாட்டார்கள், பெண் பிள்ளைகள் சுவரோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இது ஒவ்வொரு ஊரிலும் நடக்கிறது, எனக்கு மனது ஆறுவதே இல்லை. பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள், அறிவித்தலிலேயே போடுங்கள். கொழுந்து எடுக்கிற அம்மாமாருக்கு வார நாள் பகலில் வர முடியாது, ஞாயிறோ போயா தினமோ கேளுங்கள்.

காசு விஷயம் சுருக்கமாக. ஒரு ஏற்பாட்டாளர் வேன் வாடகையை மட்டும் நீட்டி, "கேம்தானே போட்டீங்க, உங்க பேரும் வெளிய வந்துச்சே" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால் கொட்டேஷனில் தேர்வுக்கும் அனுமதிக்குமான கட்டணம், மெஷின் வாடகை, போக்குவரத்து, உடைந்த கொன்ட்ரோலருக்கான பொறுப்பு எல்லாவற்றையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். பாதி அட்வான்ஸ் கைக்கு வந்த பிறகுதான் அனுமதிக் கடிதம் எழுதத் தொடங்குங்கள், மிச்சம் நிகழ்ச்சி நடக்கும் அன்றைக்கே. சேவைக் கட்டணம் மாதம் ஒரு இலட்சத்துக்கு மேலே போனால் காசு தருபவர் 5 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தரும் முறை 2023 ஜனவரியில் வந்தது, அப்படிப் பிடித்தால் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், வருட முடிவில் வரிக்கணக்குக் கொடுக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.