மானியம்: வேரும் பொருளும் தமிழ்ச் சொல்லும்

மாரிகால நெற்செய்கையான காலபோகம் தொடங்கும் வேளையில், இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் கமநல சேவை நிலையங்களிலும் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும் மிகுதியாகக் கேட்கும் சொல் மானியம். ஒரு பொருளின் உண்மையான அடக்க விலைக்கும் அதை வாங்குபவர் செலுத்தும் விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, முழுமையாகவோ பகுதியாகவோ அரசு தன் வருவாயிலிருந்து ஏற்றுக்கொள்வதையே இன்று இச்சொல் குறிக்கிறது. அந்த வருவாய் மக்களின் வரிப்பணம் என்பதை இச்சொல் சொல்வதில்லை. அதற்கு மாறான எண்ணத்தையே அது தருகிறது.

மதிக்கத்தக்கது என்று பொருள்படும் ‘மான்ய’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவமே மானியம். மானம் என்ற சொல்லோடு உறவுடையது. அரசன் ஒருவரை மதித்து வழங்கிய, வரி நீக்கப்பட்ட அல்லது சிறுவரி மட்டும் செலுத்தவேண்டிய நிலத்துக்கு அப்பெயர் வந்தது. எவ்வகை வரியுமின்றி விடப்பட்ட நிலத்தை விசயநகர காலத்துக் கல்வெட்டுகள் ‘சர்வமானியம்’ என்கின்றன. அதற்கு முந்திய சோழர் கல்வெட்டுகளில் இதே பொருளுக்குத் தூய தமிழ்ச் சொல் ஒன்று வழங்கியது. அது ‘இறையிலி’, இறை என்பது வரி, இலி என்பது அது இல்லாதது. இவ்விரு சொற்களுள் பழைய சொல்லே நேர்மையானதென்று கருதுகிறேன்: இறையிலி நடந்ததை மட்டும் சொல்கிறது, மானியமோ கொடுப்பவரின் பெருமையையும் சேர்த்துச் சொல்கிறது.

நிலத்திலிருந்து பணத்துக்கு மாறியபோது இச்சொல் இரண்டு வேலைகளைச் செய்யத் தொடங்கியது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு என்னும்போது அது நிறுவனமொன்றுக்கு அரசு ஒதுக்கும் நிதி. உர மானியம் என்னும்போது அது விலைச்சுமையின் ஒரு பங்கு. முதலாவதற்கு ‘நல்கை’ என்ற அழகிய சொல் உள்ளது. நல்குதல் சங்க இலக்கியத்திலேயே வழங்கும் வினை. குடும்பச் செலவோடு தொடர்புடையது இரண்டாவதே என்பதால் இனி அதையே நோக்குவோம்.

இலங்கை அரசியலில் மானியம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு 1953 சான்று. அரசு மானிய விலையில் கொடுத்துவந்த பங்கீட்டு அரிசியின் விலை, கொத்து என்னும் முகத்தலளவை ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு கடையடைத்து எழுந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். உர மானியம் 1962இல் தொடங்கியது. 2005இன் பின் நெற்செய்கையாளருக்கு 50 கிலோ பசளை மூடை 350 ரூபாவுக்குக் கிடைக்கலாயிற்று; 2016இல் அது வங்கிக் கணக்கில் இடும் பணமாக மாறியது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது, வாங்கப் பசளையே இல்லாத இடத்தில் மானியம் என்ற சொல்லுக்கும் பொருளில்லாமற் போயிற்று. 2024இன் இறுதியில் ஹெக்டேயருக்கான தொகை 15,000 ரூபாவிலிருந்து 25,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

ஆயினும் இவ்வரலாற்றை வன்னியில் இருந்து படிக்கும்போது ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. 1990களில் அரசு விதித்த போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது யூரியா, மண்ணெண்ணெய், சீமெந்து, பற்றரி போன்றவை இங்கு வருவதே தடுக்கப்பட்டோ மட்டுப்படுத்தப்பட்டோ இருந்தது. தெற்கில் அரசு விலை குறைத்துக் கொடுத்த பொருளுக்கு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருந்தவர்கள் அதன் பன்மடங்கு கொடுத்தார்கள். அக்காலத்து மக்கள் வாயில் வழங்கிய சொல் மானியமன்று, ‘நிவாரணம்’; இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குச் சங்கக்கடை எனப்படும் கூட்டுறவுக் கடை வழியாக அளந்து கொடுக்கப்பட்ட அரிசியும் மாவும் பருப்பும் அதுவே. நிவாரணம் என்பதும் வடசொல்தான். தடுத்தல், நீக்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். துயரை நீக்குவது நிவாரணம், விலையைத் தாங்குவது மானியம் என்ற வேறுபாட்டை எழுத்தில் பேணுவது நல்லது. இரண்டையும் ஒன்றாக எழுதினால், தன் வயலில் உழைத்து நெல் விற்கும் கமக்காரரும் கையேந்தி நிற்பவராகிவிடுகிறார்.

மானியம் நீங்கும்போதுதான் அது என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியவரும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. முல்லைத்தீவுக் கரையில் வெளியிணைப்பு இயந்திரப் படகில் தொழிலுக்குப் போகிறவருக்கும், மிளகாய்த் தோட்டத்துக்கு இயந்திரத்தால் நீரிறைப்பவருக்கும், மின்னிணைப்பில்லாத வீட்டில் குப்பி விளக்கு ஏற்றுபவருக்கும் அது ஒரே நேரத்தில் விழுந்த அடி. அடுத்த மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்பாடு ஏற்பட்ட பின், எரிபொருளும் மின்சாரமும் அடக்கச் செலவை ஈடுசெய்யும் விலையிலேயே விற்கப்பட வேண்டும் என்பது கொள்கையாயிற்று. பொருளின் விலையைத் தாங்குவதற்குப் பதிலாகத் தெரிவு செய்யப்பட்ட குடும்பங்களுக்குப் பணம் கொடுக்கும் ‘அஸ்வெசும’ அவ்வாண்டிலேயே நடைமுறைக்கு வந்தது. பட்டியலில் இடம்பெற்ற குடும்பத்துக்குக் காசு வருகிறது. விடுபட்ட குடும்பத்துக்கு விலையேற்றம் மட்டுமே எஞ்சுகிறது.

இடையில் ஒன்று. வறிய குடும்பங்களுக்கு உதவும் அரசுத் திட்டங்களின் பெயர்களைப் பாருங்கள். 1989இல் வந்த திட்டத்தின் பெயர் ஜனசவிய, அதாவது மக்கள் வலு. 1995இல் வந்தது சமுர்த்தி, அதாவது செழிப்பு. இப்போதைய அஸ்வெசும என்ற சிங்களச் சொல்லின் பொருள் ஆறுதல். வலுவில் தொடங்கிச் செழிப்பு வழியாக ஆறுதலுக்கு இறங்கியிருக்கிறோம். தமிழ்ப் படிவங்களிலும் இப்பெயர்கள் பெயர்க்கப்படாமலேயே வருவதால், நம்மில் பலர் இந்த இறக்கத்தைக் கவனிக்கவில்லை.

இனித் தமிழ்ச் சொல். ‘சலுகை’ என்று எழுதுவது பொருந்தாது. அது தயவையும் ஒருவருக்கு மட்டும் காட்டும் தனிக்கவனிப்பையும் நினைவூட்டும். ‘உதவித்தொகை’ மாணவர்க்கும் முதியோர்க்கும் வழங்கும் பணத்துக்கு நிலைபெற்றுவிட்டது. ‘கொடை’ என்பது கொடுப்பவரின் சொந்தப் பொருளைக் குறிப்பதால் பொதுப்பணத்துக்கு ஒவ்வாது. ‘உதவுதொகை’ ஓரளவு பொருந்தும். கமக்காரரின் கணக்கில் நேரடியாக வரும் பணத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். மண்ணெண்ணெய், மின்சாரம், பாண் மா போன்றவற்றின் விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்பதற்கு ‘விலைத்தாங்கல்’ என்பதை நான் முன்வைக்கிறேன். அரசு விலைத்தாங்கலை நீக்கியது என்று எழுதினால், யார் தோளிலிருந்து யார் தோளுக்குச் சுமை மாறியது என்பது வாசிப்பவருக்கு உடனே விளங்கும். உர மானியம் என்ற தொடரோ மக்கள் நாவில் ஊறிவிட்டது. பேச்சில் அது அப்படியே இருக்கட்டும். அறிவித்தலும் செய்தியும் எழுதுகிறவர்கள் முதலில் ‘உர உதவுதொகை’ என்று எழுதி, பழைய சொல்லைச் சில காலம் அடைப்புக்குறிக்குள் தரலாம்.