டான்ஷென்: ஒரே வேர், இரண்டு மருந்து

சீன மருத்துவத்தில் நெஞ்சுவலிக்கான கூட்டு மருந்துகள் பலவற்றுக்கு அடிச்சரக்கு டான்ஷென். துளசிக் குடும்பத்துச் செடி ஒன்றின் செங்கல் நிற வேர் அது. இதயத்தைக் காப்பதாகச் சொல்லப்படும் பொருள்கள் இதில் இரு வகை. சால்வியனாலிக் அமிலங்கள் நீரில் கரையும். வேருக்குச் செந்நிறம் தரும் டான்ஷினோன்கள் நீரில் அநேகமாக இறங்காது, ஆல்கஹால் வேண்டும். சீன அரசின் மருந்துத் தரநூல்படி, நல்ல வேரில் சால்வியனாலிக் அமிலம் பி 3 சதவீதமும் முக்கிய டான்ஷினோன்கள் சேர்த்து 0.25 சதவீதமுமாவது இருக்க வேண்டும்.

வீட்டுக் கஷாயத்துக்கு ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராம். வேர்த்துண்டுகளை அரை மணி நேரம் ஊறவைத்து, மண்சட்டியில் 20, 30 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து, மறுபடி நீர் விட்டு இன்னொரு முறை காய்ச்சிச் சேர்ப்பார்கள். இரும்புச் சட்டி ஆகாது. இந்த அமிலங்கள் இரும்போடு சேர்ந்து கஷாயம் கறுத்துவிடும். மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டாலும் நஷ்டம்தான்: சால்வியனாலிக் அமிலம் பி சிதைந்து சிறு மூலக்கூறுகளாகிவிடும். எவ்வளவு பக்குவமாகக் காய்ச்சினாலும் டான்ஷினோன்களில் பெரும்பகுதி சக்கையோடு குப்பைக்குத்தான் போகும்.

கடையில் விற்கும் கூட்டு டான்ஷென் மாத்திரையில் கதை வேறு. 1000 மாத்திரைக்கு டான்ஷென் 450 கிராம், சான்சி என்ற ஜின்செங் இன வேர் 141 கிராம், கற்பூரம் போன்ற வாசனைப் பொருளான போர்னியோல் 8 கிராம். டான்ஷெனை முதலில் ஆல்கஹாலிலும், பிறகு பாதி நீர் கலந்த ஆல்கஹாலிலும், கடைசியில் நீரிலும் காய்ச்சுவதால் இரு வகைப் பொருளும் வந்துவிடும். சான்சி பொடியாகவே சேரும். சூடுபட்டால் ஆவியாகிவிடும் என்பதால் போர்னியோல் கடைசியில்தான். இதே மூன்று சரக்கில் 'சொட்டு மாத்திரை' என்றும் ஒன்று உண்டு. அதற்கு டான்ஷெனையும் சான்சியையும் நீரில் மட்டும் காய்ச்சி, சாற்றை உருகிய பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற பொருளில் கலந்து, குளிர்ந்த பாராஃபின் எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நாக்கின் அடியில் வைத்ததும் கரையும். ஆனால் டான்ஷினோன் மிகக் குறைவு. பெட்டியில் சரக்குப் பெயரை மட்டும் பார்த்து ஒன்றுக்கு மாற்றாக மற்றதை வாங்குவது தவறு.

பலன் பற்றிய மனித ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, தரமும் சுமார். ஆபத்துதான் தெளிவாகத் தெரிகிறது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பார்கள், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அவர்களின் ஐ.என்.ஆர். அளவு பொதுவாக 2 முதல் 3.5-க்குள் நிற்க வேண்டும். டான்ஷெனும் சேர்த்து உட்கொண்டவர்களுக்கு அது 8-ஐத் தாண்டியதாக 1990-களில் ஹாங்காங் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்த அளவில் எங்கு வேண்டுமானாலும் ரத்தம் கசியலாம். டான்ஷென் கொடுத்த எலிகளின் உடலிலிருந்து வார்ஃபரின் மெதுவாகவே வெளியேறியது.

டான்ஷென் எடுப்பதைச் சொல்லாமலே ரத்தப் பரிசோதனைக்குப் போனால், டாக்டர் வார்ஃபரினைக் குறைத்துவிடுவார். பிறகு டான்ஷெனைத் திடீரென நிறுத்தினால் அந்தக் குறைந்த அளவு போதாமல், வால்வில் ரத்தம் உறைந்துவிடலாம். அதனால் தொடங்கும்போது மட்டுமல்ல, விடும்போதும் சொல்லிவிட்டு ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும்.