வலைப்பதிவு: சொல்லும் பொருளும்

‘பிளாக்’ என்று தமிழ் எழுத்தில் எழுதினால், அது எதைக் குறிக்கிறது என்பதை முன்பின் உள்ள சொற்களைக் கொண்டுதான் அறிய முடியும். அடுக்குமாடிக் குடியிருப்பின் ‘ஏ பிளாக்’, திரையரங்க வாசலில் ‘பிளாக்’கில் விற்ற டிக்கெட், கைப்பேசியில் ஒருவரை ‘பிளாக்’ செய்வது, இணையத்தில் ஒருவர் எழுதிவரும் ‘பிளாக்’ ஆகிய நான்கும் நம் எழுத்தில் ஒரே உருவம் பெற்றுவிடுகின்றன. ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு எழுத்துகளால் ஆன மூன்று சொற்கள்; முதலாவதும் மூன்றாவதும் மட்டும் ஒரே சொல். ஒலிபெயர்ப்பே போதும் என்று இருந்துவிடுவோர் இந்த இடர்ப்பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டணமின்றி ஒரு பதிவுத் தளத்தைத் தொடங்க முனைபவருக்கு இந்தச் சொல்லின் பொருள் தெளிவாக இருந்தால், தொடங்கும் வேலையில் பாதி எளிதாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே அதன் வேரிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆங்கிலச் சொல்லின் வேர் கடலில் இருக்கிறது. ‘லாக்’ என்பதற்கு முதற்பொருள் மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அளக்க, கால்வட்ட வடிவில் அறுத்த ஒரு மரத்துண்டின் வளைந்த விளிம்பில் ஈயம் பொருத்தி, அதை நீண்ட கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்புறமிருந்து கடலில் எறிந்தார்கள். ஈயத்தின் கனத்தால் கட்டை நீரில் நிமிர்ந்து நின்றுவிட, கப்பல் முன்னே செல்லச் செல்லக் கயிறு உருளையிலிருந்து அவிழ்ந்தோடும். அந்தக் கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகள் இடப்பட்டிருந்தன. ஏறத்தாழ அரை நிமிடம் ஓடும் மணற்கடிகை தீர்வதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்தன என்று எண்ணினால் அதுவே கப்பலின் வேகம். கடல்வழி வேகத்தை இன்றும் ‘நாட்’ என்னும் முடிச்சுக் கணக்கில் சொல்வது இதனால்தான். எண்ணிய வேகத்தை நேரம் குறித்து எழுதிவைத்த ஏடு முதலில் ‘லாக்-புக்’ என வழங்கியது; பிறகு கட்டையின் பெயரே ஏட்டுக்கும் ஆகிவந்தது. அந்த ஏட்டில் வேகத்தோடு காற்றின் திசை, வானிலை, கப்பலில் நடந்த நிகழ்ச்சிகள் ஆகியவையும் இடம்பெறத் தொடங்கின. நேர வரிசையில் விடாமல் எழுதப்படும் எந்தக் குறிப்பும் ‘லாக்’ ஆயிற்று. கணினி தன் செயல்களைத் தானே எழுதிவைக்கும் கோப்புக்கும் அதே பெயர் ஏற்பட்டது.

1997-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜார்ன் பார்கர் என்னும் அமெரிக்கர், ‘ரோபாட் விஸ்டம்’ என்ற தம் தளத்தில் எழுதிவந்த குறிப்புகளுக்கு ‘வெப்லாக்’ என்று பெயர் சூட்டினார். அவர் அங்கே எழுதியது தம் வாழ்க்கைக் கதையை அன்று. வலையில் தாம் அன்றாடம் படித்த பக்கங்களுக்கான இணைப்புகளை, சுருக்கமான குறிப்போடு தொகுத்துவந்தார். ஆகவே அந்தச் சொல்லின் முதற்பொருள், வலையில் உலவியவர் தம் உலாவைக் குறித்துவைத்த ஏடு என்பதாகும். 1999-ஆம் ஆண்டில் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் தம் தளத்தின் ஓரப் பகுதியில், இனி இதனை ‘வீ பிளாக்’ என்று பிரித்து ஒலிக்கப்போவதாகவும், சுருக்கமாகப் ‘பிளாக்’ எனலாம் என்றும் எழுதினார். ‘வீ’ என்றால் ‘நாம்’. ஆக, ஏட்டின் பெயராக இருந்த ஒன்று ‘நாம் எழுதுகிறோம்’ என்பதுபோல் ஒரு வினையாகவும் கொள்ள இடம் ஏற்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இவான் வில்லியம்ஸும் மெக் அவுரிகனும் நடத்திவந்த பைரா லேப்ஸ் என்ற சிறு நிறுவனம் ‘பிளாகர்’ என்னும் சேவையைத் தொடங்கியது. அதற்குமுன் இத்தகைய பக்கத்தை நடத்த வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் பக்கத்தின் நிரலைக் கையால் திருத்தி, பக்கங்களை இணையத்தில் வழங்கும் கணினியான வழங்கிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பிளாகரில் ஒரு பெட்டிக்குள் எழுதிப் பொத்தானை அழுத்தினால் போதும். சொல் பரவியதற்கு இந்த எளிமையே முதன்மைக் காரணம். 2003-இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது. 2004-ஆம் ஆண்டின் சொல்லாகப் ‘பிளாக்’ என்பதையே மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அறிவித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘வெப்லாக்’ ‘பிளாக்’ ஆகச் சுருங்கியபோது, வலையைக் குறிக்கும் ‘வெப்’ என்பதில் கடைசி மெய்யொலி மட்டுமே மிஞ்சியது. பொருள் சுட்டும் பகுதி மறைந்துவிட்ட அந்தக் குறுக்கத்தை மொழிபெயர்க்க முயன்றால் எதுவும் கிடைக்காது. முழுச் சொல்லுக்குத்தான் திரும்பிச் செல்ல வேண்டும். தமிழில் எழுதியவர்கள் அதைத்தான் செய்தார்கள். வெப் என்பது வலை, லாக் என்பது பதிவு, ஆகவே வலைப்பதிவு.

இந்தத் தொகையை விரித்துப் பார்த்தால் ஓர் அழகு புலப்படும். ‘வலையைப் பற்றிய பதிவு’ என விரித்தால் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. பார்கர் கருதிய பொருள் இதுவே. ‘வலையில் எழுதும் பதிவு’ என விரித்தால் ஏழாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இன்று உலகம் கொள்ளும் பொருள் இது. பிறந்தபோது இருந்த பொருளையும் பிறகு வளர்ந்த பொருளையும் எழுத்து மாறாமல் தாங்கும் தொகை இது என்பதனாலேயே இதனைச் சரியான நிகர்ச்சொல் என்கிறேன்.

‘பதிவு’ என்பதன் வேரும் பொருத்தமானதே. காலடி ஈர மண்ணில் பதிகிறது. ஒரு முகம் மனத்தில் பதிகிறது. பதிதல் என்பதிலிருந்து பதிவு, பதிவேடு, பத்திரப்பதிவு ஆகியவை வந்தன. மோதிரத்தில் கல்லைப் பதிப்பதுபோல் ஒன்றை இன்னொன்றில் அழுத்தி நிறுத்துவது பதித்தல். அதிலிருந்து பதிப்பு, பதிப்பகம், பதிப்பாளர் ஆகியவை வந்தன. அச்சு நூல் பதிப்பாகவும், இணைய எழுத்து பதிவாகவும் வழங்குவதில் வேர் ஒன்றாயிருந்தும் துறை வேறுபாடு தெளிவாக நிற்கிறது. எழுதுபவருக்குப் ‘பதிவாளர்’ என்று பெயரிடாமல் ‘பதிவர்’ என்று பெயரிட்டதும் நல்ல முடிவு. பதிவாளர் என்பது பல்கலைக்கழகத்திலும் பத்திரப்பதிவுத் துறையிலும் முன்னரே இடம்பிடித்த சொல். தமிழ் விக்கிப்பீடியா ‘லாகின்’ என்பதைப் புகுபதிகை எனவும் ‘லாகவுட்’ என்பதை விடுபதிகை எனவும் வழங்குவதை நோக்கினால், ‘லாக்’ வரும் இடமெல்லாம் ‘பதி’ என்னும் வேர் தடையின்றிப் பொருந்துவதைக் காணலாம்.

வலைப்பூ என்னும் சொல்லும் தமிழில் அழுத்தமாக வேரூன்றியது. நாள்தோறும் புதிதாக மலர்வது என்ற கருத்தும், ‘வெப்லாக்’ என்பதைப்போலவே வகரத்தில் தொடங்கி இடையில் பகர மெய் வரும் ஒலியமைப்பும் அதற்கு வாய்த்திருக்கின்றன. ஒருவர் தம் தளத்துக்குச் செல்லமாக இட்டு அழைக்க அதைவிட இனிய சொல் இல்லை. ஆயினும் சொல்லாக்கத்தில் அது மேலே கிளைக்கவில்லை. பதிவு என்பதிலிருந்து பதிவர், பதிவுலகம், பதிவிடுதல், குறும்பதிவு, கூட்டுப்பதிவு என்று வேண்டிய அளவு சொற்களை ஆக்கிக்கொள்ள முடிகிறது. பூவிலிருந்து எழுதுபவருக்கு ஒரு பெயர் ஆக்க முயன்றாலே தடுமாற்றம் வந்துவிடுகிறது. நிகர்ச்சொல்லை மதிப்பிட இதுவே நல்ல உரைகல் என்பேன். அன்றாடப் பேச்சில் வலைப்பூவும், விளக்க எழுத்தில் வலைப்பதிவும் வழங்குவதில் தவறில்லை.

நாட்குறிப்பு என்ற பழைய சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்போரும் உண்டு. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த தினப்படி சேதிக் குறிப்பில் கப்பல் வரவும் வணிகமும் அரசியலும் நாள் வாரியாக இடம்பெற்றிருக்கின்றன. கப்பல் ஏட்டின் இயல்பும் அதில் ஓரளவு உண்டு. ஆனால் நாட்குறிப்பு எழுதுபவரின் பெட்டிக்குள் இருப்பது. வலைப்பதிவோ எழுதிய கணத்தில் பிறர் கண்ணுக்குச் செல்வது, அவர்கள் மறுமொழி எழுதவும் இடம் தருவது. மேலும், ஏட்டில் புதுக் குறிப்பு எப்போதும் பழையதற்குக் கீழே வரும். வலைப்பதிவில் புதியது மேலே நிற்க, பழையவை கீழிறங்கிக்கொண்டே போகும். தலைகீழான இந்தக் கால வரிசையே வலைப்பதிவை மற்ற இணையதளங்களிலிருந்து பிரித்துக்காட்டும் முதல் அடையாளம்.

தமிழில் வலைப்பதிவுகள் 2003-ஐ ஒட்டிப் பெருகத் தொடங்கின. எழுத்துருக் குழப்பங்கள் நீங்கி, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறையான ஒருங்குறி (யூனிகோடு) நிலைபெறத் தொடங்கிய காலம் அது. முரசு அஞ்சல், இ-கலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகள் கைகொடுத்தன. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம், பல பதிவுகளில் வெளியாவனவற்றை ஓரிடத்தில் காட்டியது. அத்தகைய தளத்துக்குத் ‘திரட்டி’ என்ற பெயர் எவ்வளவு இயல்பாக அமைந்துவிட்டது! மட்டுறுத்தல் (மறுமொழிகளைப் பார்த்து அனுமதிப்பது), வார்ப்புரு (பக்கத்தின் தோற்ற அமைப்பு), குறிச்சொல் (பொருளைச் சுட்டும் சொல்), ஓடை (புதியவற்றைத் தானாகத் தெரிவிக்கும் ‘ஃபீட்’), பின்னூட்டம் (‘ஃபீட்பேக்’) ஆகியவையும் எழுதியவர்களின் புழக்கத்தில் ஊறி நிலைத்த சொற்களே. இவற்றுள் பின்னூட்டம் மட்டும் ஆங்கிலச் சொல்லை உறுப்புப் பிரித்து ஆக்கியது போலத் தோன்றுவதால், எனக்கு ‘மறுமொழி’ என்னும் பழஞ்சொல்லே உவப்பானது.

இனி, தொடங்குவோரை மிகுதியாகக் குழப்பும் இடத்துக்கு வருகிறேன். சேவை, அதில் ஒருவர் நடத்தும் தொகுப்பு, அந்தத் தொகுப்பில் வரும் ஒரு தனிக் கட்டுரை ஆகிய மூன்றும் வெவ்வேறு. பிளாகர், வேர்ட்பிரஸ் போன்றவை சேவைகள். அங்கே நீங்கள் பெயரிட்டு நடத்துவது வலைப்பதிவு. அதில் ஒருநாள் நீங்கள் எழுதி வெளியிடும் ஒன்று இடுகை. கோலம் இடுகிறோம், கையொப்பம் இடுகிறோம். வருகை, செய்கை போலக் ‘கை’ விகுதி பெற்று ‘இடு’ என்பதிலிருந்து இடுகை பிறந்தது. ‘இன்று ஒரு வலைப்பதிவு எழுதினேன்’ என்று சொல்வதைவிட ‘என் வலைப்பதிவில் இன்று ஓர் இடுகை இட்டேன்’ என்பது துல்லியமானது. முகநூல் பரவிய பிறகு ஒரு தனிக் குறிப்பையே ‘பதிவு’ என்னும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அதனை மாற்ற இயலாது, தேவையும் இல்லை. ஆனால் வலைப்பதிவைப் பற்றிப் பேசும்போதேனும் இடுகை என்ற சொல்லைக் காப்பாற்றிக்கொள்வது நல்லது.

பிளாகரில் இந்த மூவகைப் பிரிவைக் கண்கூடாகக் காணலாம். கூகுள் கணக்கால் உள்ளே சென்றதும், வலைப்பதிவின் தலைப்பு, அதன் முகவரி, எழுதுபவரின் காட்சிப் பெயர் என மூன்றைக் கேட்கும். தலைப்பைத் தமிழில் வைக்கலாம். பின்னர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முகவரியை உரோமன் எழுத்துகளும் எண்களும் சிறு கோடும் கொண்டே அமைக்க வேண்டும். பின்னர் மாற்ற முடியும் என்றாலும், மாற்றினால் பிறர் தந்த பழைய இணைப்புகள் பயனற்றுப்போகும் என்பதால் முதலிலேயே நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இடுகைக்கும் தனி முகவரி உண்டு. அதனை நிலை இணைப்பு என்கிறோம். தமிழில் எழுதுவோர் இங்கே கருத்தூன்றிப் பார்க்க வேண்டும். ‘மழைநீர் சேகரிப்பு’ என்று தலைப்பிட்டு வெளியிட்டால், பிளாகர் தானாக ஆக்கும் முகவரியில் தமிழ் எழுத்துகள் அனைத்தும் உதிர்ந்துவிடும். ஆண்டும் மாதமும் வந்து, அவற்றின்பின் ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுச் சொல் உரோமன் எழுத்தில் நிற்கும். அதே மாதத்தில் அடுத்த தமிழ் இடுகையை வெளியிட்டால், அதே சொல்லோடு ஓர் அடிக்கோடும் எண்ணும் ஒட்டிக்கொள்ளும். நூறு தமிழ் இடுகைகள் இருந்தாலும் முகவரியைப் பார்த்து எது எதைப் பற்றியது என்று கண்டுகொள்ள முடியாது. வெளியிடும் முன்பே, எழுதும் பக்கத்தின் பக்கவாட்டில் உள்ள அமைப்புகளில் நிலை இணைப்பைத் திறந்து, ‘மழைநீர்’ என்பதன் உரோமன் வடிவத்தை நாமே எழுதிவிட்டால் இக்குறை தீரும். வேர்ட்பிரஸில் நிலைமை வேறு. அது தமிழ்த் தலைப்பை முகவரியில் தக்கவைக்கிறது. ஆனால் பின்னணியில் ஒருங்குறியின் ஒவ்வொரு குறியும் விழுக்காட்டுக் குறிகளோடு கூடிய 9 எழுத்துகளாக விரிகிறது. ‘அம்மா’ என்ற சொல்லுக்கு 5 குறிகள் (அ, ம, புள்ளி, ம, கால்), ஆக 45 எழுத்துகள். முகவரியின் இப்பகுதிக்கு 200 எழுத்து வரம்பு உள்ளதால், 22 குறிகளைத் தாண்டும் தமிழ்த் தலைப்பு நடுவிலேயே அறுபட்டுவிடும். அங்கும் குறுகிய முகவரியை நாமே தருவதுதான் நல்லது.

‘இலவசம்’ என்ற சொல்லையும் சற்றே பிரித்து அறிவது தேவை. பிளாகர் கட்டணமில்லாச் சேவை. பணம் கேட்காது, ஆனால் அதன் உள்கட்டமைப்பு கூகுளுடையது. வேர்ட்பிரஸ் என்ற பெயரோ இரண்டு பொருள்களுக்கு வழங்குகிறது. ‘பி2’ என்ற முந்தைய நிரலிலிருந்து மாட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வளர்த்தெடுத்து 2003 மே மாதம் வெளியிட்ட மென்பொருள் ஒன்று. அதை எவரும் எடுத்துத் தம் வழங்கியில் நிறுவலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். இதற்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்பதே பொருந்தும் பெயர். வழங்கிக்கும், தளத்தின் சொந்த முகவரியான களப்பெயருக்கும் ஆகும் செலவு நம்முடையது. வேர்ட்பிரஸ்.காம் என்பது அம்மென்பொருளைக் கொண்டு நடக்கும் ஒரு சேவை. அதன் கட்டணமில்லாத் திட்டத்தில் நம் பக்கங்களில் விளம்பரங்கள் தோன்றும். ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் கட்டணமின்மையையும் கட்டின்மையையும் குறிப்பதால், அங்கே நீண்ட விளக்கம் வேண்டியிருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்க, இரண்டையும் ‘இலவசம்’ என்று ஒன்றாக்கிவிடுவது நாமே வரவழைத்துக்கொள்ளும் குழப்பம்.

கட்டணமில்லாச் சேவையில் தொடங்குபவர் செய்ய வேண்டிய மற்றொரு வேலை, இடுகைகளை அவ்வப்போது ஏற்றுமதி செய்து தம் கணினியில் ஒரு படி வைத்துக்கொள்வது. இவ்விரு சேவைகளிலும் அதற்கு வசதி உண்டு. பிளாகரிலிருந்து எடுத்த கோப்பை வேர்ட்பிரஸ் ஏற்றுக்கொள்ளும். சேவை மாறினாலும் இடுகைகளும் அவற்றுக்கு வந்த மறுமொழிகளும் நாள் வரிசை குலையாமல் புதிய இடத்துக்கு வந்துசேரும்.