ஒரு காதில் சத்தம், இரு காதிலும் இறுக்கம்: நடுச்செவித் தசையின் நரம்புப் பாதை

மனித உடலின் மிகச் சிறிய எலும்பு நடுச்செவியில் இருக்கும் அங்கவடி எலும்பு. அதன் கழுத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டேபீடியஸ், எலும்புகளை அசைக்கும் தசைகளிலேயே மிகச் சிறியது. நீளம் சுமார் 6 மில்லிமீட்டர். நல்ல காதில், ஒலி 70 முதல் 100 டெசிபலுக்குள் ஏதோ ஓர் அளவைத் தொட்டதும் இந்தத் தசை தானாகவே இறுகி அங்கவடியைப் பின்னால் இழுக்கும். இதுதான் ஸ்டேபீடியஸ் அனிச்சைச் செயல். நடுச்செவியின் சிற்றெலும்புச் சங்கிலி விறைத்துவிடுவதால் உள்செவிக்குப் போகும் ஒலி குறையும்.

வலது காதில் மட்டும் சத்தம் கொடுத்தாலும் இடது காதின் தசையும் சேர்ந்தே இறுகுகிறது. அப்படியென்றால் செய்தி மூளைத்தண்டில் எங்கோ நடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும்.

உள்செவியின் நத்தைச் சுருளான காக்ளியாவில், ஒலியை உணரும் உள்மயிர்ச் செல்களிலிருந்து கிளம்பும் செய்தி, 8வது மூளை நரம்பு (செவி நரம்பு) வழியாக வென்ட்ரல் காக்ளியர் நியூக்ளியஸுக்கு வருகிறது. மூளைத்தண்டின் பகுதிகளான பான்ஸும் மெடுல்லாவும் சேரும் இடத்தில் இருக்கும் நரம்புச் செல் திரள் இது. இங்கே பாதை பிரிகிறது. சில இழைகள் அதே பக்கத்து முக நரம்பின் இயக்கச் செல்களுக்கு நேராகவே போகின்றன. மற்றவை ட்ரெப்பிசாய்ட் பாடி எனும் குறுக்கு இழைக்கட்டுக்குள் நுழைகின்றன. அதில் ஒரு பகுதி இந்தப் பக்கத்து மேல் ஒலிவரித் தொகுதி (superior olivary complex) எனும் நரம்புச் செல் திரளிலும், ஒரு பகுதி நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்துத் தொகுதியிலும் போய் முடிகிறது. அங்கிருந்து இரு பக்கத்து முக நரம்புச் செல்களுக்கும் கட்டளை போகிறது. 7வது நரம்பான முக நரம்பு அதைத் தசைக்குக் கொண்டுசேர்க்கிறது. முழுப் பாதைக்கும் மூன்று அல்லது நான்கு நியூரான்களே போதும் என்று 1973இல் எரிக் போர்க் முயல்களில் ஆராய்ந்து காட்டினார். ஸ்டேபீடியஸுக்கான இயக்கச் செல்கள் முக நரம்பின் மையத் திரளுக்குள் இல்லாமல் அதன் விளிம்பில், ஒலிவரித் தொகுதியை ஒட்டி இருப்பதும் விலங்குகளில் தெரியவந்தது.

நடுச்செவியின் இன்னொரு தசையான டென்சர் டிம்பானிக்கு 5வது நரம்பு. மனிதரில் அது உரத்த ஒலியைவிட, திடுக்கிடும்போதும் மெல்லும்போதும்தான் அதிகம் இறுகுகிறது.

காதுப் பரிசோதனைக்கூடத்தில் இந்தக் குறுக்குப்பாதை பெரிய உதவி. காதில் சிறு முனையைப் பொருத்தி 226 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு, செவிப்பறை எப்போது விறைக்கிறது என்று கருவி கவனிக்கிறது. ஒலி எந்தக் காதில், அளப்பது எந்தக் காதில் என்று மாற்றினால் நான்கு விடைகள் கிடைக்கும். வலது 8வது நரம்பு பழுதென்றால், வலது காதில் கொடுத்த ஒலிக்கு எந்தப் பக்கமும் அசைவு இராது. இடது காதில் கொடுத்தால் இரண்டு பக்கமும் இறுகும். வலது முக நரம்பு பழுதென்றால், எந்தக் காதில் ஒலி கொடுத்தாலும் வலது தசை அசையாது. நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் அந்தப் பக்கத்தில் அசைவு பதிவாகாது என்பதால் அதை முதலில் பார்த்துவிட வேண்டும். அதே பக்க விடைகள் இரண்டும் சரியாக இருந்து, குறுக்கு விடைகள் இரண்டும் காணாமல் போனால் சந்தேகம் மூளைத்தண்டின் நடுக்கோட்டின் மேல் விழும். வலியில்லாமல், நோயாளி வாய் திறந்து பதில் சொல்லாமலே சில நிமிடங்களில் இவ்வளவு தெரிந்துவிடுவது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

முகவாதத்திலும் இது கைகொடுக்கும். முகம் கோணியும் அனிச்சைச் செயல் இருக்கிறதென்றால், பழுது ஸ்டேபீடியஸுக்குக் கிளை பிரிந்த பிறகே நேர்ந்திருக்கிறது என்று பொருள்.

காதைக் காக்கவே இந்த ஏற்பாடு என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. வெடிச் சத்தம் உள்செவியைத் தாக்கிய பிறகுதான் தசை இறுகத் தொடங்குகிறது. தடுப்பதும் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிகளைத்தான். ஆனால் நாம் பேச வாய் திறக்கும்போது, குரல் வெளிவருவதற்குச் சற்று முன்பே தசை இறுகிவிடுகிறது. தாழ்ந்த இரைச்சல் அடங்குவதால் பேச்சின் கூரிய ஒலிகள் அமுங்காமல் கேட்கின்றன. சத்தத்தினூடே பேச்சைப் பிரித்தறிய உதவுவதுதான் இதன் முக்கிய வேலை என்பது என் கணிப்பு.

செவி நரம்பை மின்துடிப்பால் தூண்டிக் கேட்கவைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியைப் பொருத்தும்போது அறுவை மேசையிலேயே இதைப் பார்க்கலாம். மின்முனையில் துடிப்பு கொடுத்ததும் மைக்ராஸ்கோப்பின் கீழ் ஸ்டேபீடியஸின் தசைநாண் வெடுக்கென்று இழுபடும். நரம்பும் மூளைத்தண்டும் வேலை செய்கின்றன என்பதற்கு அது சாட்சி. பிறகு, சத்தம் அதிகமா என்று சொல்லத் தெரியாத குழந்தைக்குக் கருவியின் உச்ச அளவைத் தீர்மானிக்கவும் ஆடியாலஜிஸ்ட்கள் (கேட்புத்திறன் வல்லுநர்கள்) இதே இறுக்கத்தைத்தான் அளக்கிறார்கள்.